1984 பத்மினியைத் தினமும் ஓட்டுவது: ஒரு மீட்புப் பணியின் முழு விவரம்

கார், 1984-இல் பதிவான பிரீமியர் பத்மினி. பெட்ரோல், 1089 சிசி இன்ஜின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர் லீவர், முன்னாலும் நீளமான பெஞ்ச் சீட். வாங்கியவர் என் மாமனார். அதற்கப்புறம் கை மாறவில்லை. சில வருடங்களாகச் சென்னையில் அவர் வீட்டு ஷெட்டில் கவர் போட்டு நின்றிருந்தது. இன்ஜின் கையால் சுற்றினால் சுற்றியது. பிரேக்கை மிதித்தால் பெடல் தரையைத் தொட்டது. என்ன தேவைக்கு ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். "மாம்பலம் மார்க்கெட், மயிலாப்பூர், பேங்க், ஆஸ்பத்திரி. மாசம் ஒருதடவ காஞ்சிபுரம். அவ்வளவுதான் மாப்ள" என்றார்.

ராலி, கண்காட்சி, கல்யாண வாடகை எதுவும் அதில் இல்லை. அதனால் முடிவெடுப்பது சுலபமாயிற்று. பழைய காரை எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் பெயிண்டிலோ இன்ஜினிலோதான் கை வைப்பார்கள். தினமும் தெருவுக்குப் போகிற காருக்கு அந்த வரிசை சரிவராது என்பது என் கருத்து. வண்டி முதலில் நிற்க வேண்டும். டிராஃபிக்கில் கொதிக்கக் கூடாது. இரவில் ரோடு தெரிய வேண்டும். வேகமும் மினுமினுப்பும் அதற்கு அப்புறம்.

இந்தக் காரின் வம்சம் தெரிந்ததுதான். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த ஃபியட் 1100 வகை. 1964-இல் ஃபியட் 1100 டிலைட்டாக வந்து, பெயர் மாறி 1974-இலிருந்து பத்மினி ஆனது. 2000 வாக்கில் உற்பத்தி நின்றது. நாற்பது குதிரைத்திறனுக்குப் பக்கம், சுமார் 900 கிலோ எடை, பின்சக்கர ஓட்டம், முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளாக ஆயிரக்கணக்கில் ஓடியவை. கடைசியாக 2003 அக்டோபரில் பதிவான டாக்சி, அங்குள்ள 20 வருட வயது வரம்புப்படி 2023 அக்டோபர் 30-உடன் ஓய்வு பெற்றது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இத்தனை டாக்சி ஓடிய வண்டிக்கு உதிரிபாகம் அவ்வளவு சீக்கிரம் அற்றுப்போகாது. சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளிலும் புதுப்பேட்டையிலும் கேட்டால் ஒன்று கிடைக்கும், அல்லது மும்பையிலிருந்து வரவழைப்பார்கள். தினசரி ஓட்ட ஒரு பழைய காரைத் தேடுகிறவர் அழகைவிட முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்ஜினை மாற்றலாமா?

பட்டறையில் முதல் யோசனையே இதுதான். "இந்த இன்ஜினுக்குச் செலவு பண்றதுக்கு ஏதாவது புது இன்ஜினை இறக்கிடலாம் சார்" என்றார்கள். அப்படிச் செய்த வண்டிகள் ஊரில் ஓடுகின்றன. தொண்ணூறுகளில் டீசல் விலைக்காக எத்தனையோ அம்பாசடர், பத்மினிகளின் இதயத்தை மாற்றினார்கள். கம்பெனியே பிற்பாடு 137டி என்று டீசல் பத்மினி விற்றது.

நாங்கள் வேண்டாம் என்றோம். முதல் காரணம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் வடிவமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. இன்ஜின் மாற்ற ஆர்டிஓவின் முன்அனுமதி வேண்டும், ஆர்சியில் ஏற்ற வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றிவிட்டு ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இன்ஜின் எண்ணைத்தான். இரண்டாவது காரணம் இயந்திரம் சார்ந்தது. 70 குதிரைத்திறனை உள்ளே வைத்தால் அந்த கியர்பாக்ஸ், அச்சு, பிரேக் எல்லாம் 40-க்குச் செய்யப்பட்டவை. ஒன்றை மாற்றினால் நான்கை மாற்ற வேண்டும். மயிலாப்பூர் மாட வீதிக்கு அது எதற்கு?

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது; நம்பர் பிளேட்டில் 'விஏ' எழுத்து வரும். 50 வயது தாண்டிய, அடிப்படை மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு அது. தொடக்க காலப் பத்மினியோ அதற்கு முந்தைய டிலைட்டோ வைத்திருப்பவர்கள் சிலர் அதைக் கௌரவமாக நினைக்கிறார்கள். அந்தப் பதிவில் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். அன்றாட ஓட்டம் கூடாது. மார்க்கெட்டுக்குப் போக நினைப்பவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

தகடு

வெளியிலிருந்து பார்த்தால் பரவாயில்லாத வண்டி. காந்தத்தை வைத்துப் பார்த்தபோது கதவுக்குக் கீழே பல இடத்தில் ஒட்டவில்லை. தட்டி உடைத்தால் பட்டி (பள்ளத்தை நிரப்பிப் பெயிண்டுக்கு அடியில் பூசும் பசை), அதற்குப் பின்னால் துரு, ஒரு இடத்தில் நியூஸ்பேப்பரையே சுருட்டி அடைத்துப் பட்டி பார்த்திருந்தார்கள். தமிழ்ப் பேப்பர், தேர்தல் செய்தி.

பத்மினிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. பாடியே சேஸிஸ். கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டித் தகடு (பட்டறையில் ரன்னிங் போர்டு என்பார்கள்) அழுகினால் அது அழகுப் பிரச்சினை இல்லை, வண்டியின் முதுகெலும்பு அழுகுவது. இதை வெட்டும்போது கதவுகளை மாட்டியே வைத்து, உள்ளே குறுக்குக் குழாய் வைத்து வெல்டிங் செய்து முட்டுக் கொடுத்த பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லையென்றால் வண்டி நடுவில் ஒரு நூல் அளவு தொய்ந்துவிடும். அப்புறம் எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. தகடு வேலை செய்த டிங்கர் பாய் இதைச் சொல்லாமலே செய்தார். அவரிடம் வேலையைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது அப்போதுதான்.

கேஸ் வெல்டிங் வேண்டாம், மிக் வெல்டிங்தான் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். கேஸ் சூட்டில் மெல்லிய தகடு அலையலையாக வளையும், அதை மறைக்க மறுபடி பட்டி. இரண்டு பக்க ரன்னிங் போர்டு, டிரைவர் காலடித் தகடு, டிக்கி மூலை எல்லாம் புதுத் தகடு. வேலை முடிந்ததும் பெட்டிக்குள் மெழுகு கலந்த துருத் தடுப்பு எண்ணெயை அடித்து, அடியில் நீர் வடியும் துளைகளைத் திறந்து விட்டோம். அந்தத் துளைகளை முந்தைய பட்டறைக்காரர்கள் அண்டர்கோட்டிங் பூசி அடைத்திருந்தார்கள். மழைத் தண்ணீர் உள்ளேயே தங்கித்தான் அவ்வளவு துரு.

பெயிண்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆர்சியில் இருந்த அதே நிறம். நிறம் மாற்றினால் அதையும் ஆர்சியில் ஏற்ற வேண்டும்.

பிரேக்

அதிக நேரமும் அதிக வாக்குவாதமும் இங்கேதான்.

இந்தக் காரின் பிரேக் ஒற்றைச் சுற்று. பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளுகிற ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை. ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கும் போச்சு. அந்தக் காலத்து ரோட்டில் முன்னால் போகிற வண்டியும் இதே மாதிரி மெதுவாகத்தான் நிற்கும். இன்று முன்னால் போகிறவர் ஏபிஎஸ் வைத்த வண்டியில் சட்டென்று நிற்கிறார், நடுவில் ஒரு ஸ்கூட்டர் புகுந்துகொள்கிறது.

முன்சக்கரத்துக்கு டிஸ்க் போடலாம் என்ற யோசனை வந்தது. செய்பவர்கள் இருக்கிறார்கள். ஹப்பைக் கடைந்து, வேறொரு காரின் டிஸ்க்கை உட்கார வைத்து, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பருக்குக் கனத் தகட்டில் பிராக்கெட் வெட்டி மாட்டுகிறார்கள். அந்த பிராக்கெட்டை யார் சோதித்தார்கள்? எந்த எஃகு, எந்த போல்ட், எவ்வளவு முறுக்கு? முழு பிரேக் விசையையும் தாங்கப்போகிற ஒரு துண்டை லேத் பட்டறையின் கண்மதிப்பில் விட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒழுங்காகச் சீர்செய்த டிரம், 900 கிலோ வண்டியை நகர வேகத்தில் நன்றாகவே நிறுத்தும். மலைப்பாதையில் தொடர்ந்து இறங்கினால்தான் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். ஊட்டி இந்தக் காரின் பட்டியலில் இல்லை.

ஆக டிரம்மே இருக்கட்டும், அதை இரட்டைச் சுற்றாக்குவது என்று முடிவாயிற்று. முன்னுக்கு ஒரு பாதை, பின்னுக்கு ஒரு பாதை என்று பிரித்துக் கொடுக்கும் டேண்டம் மாஸ்டர் சிலிண்டரும், மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் வேக்குவம் பூஸ்டரும் சின்னக் கார்களிலிருந்து கிடைக்கின்றன. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. அந்தக் கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம் பாதையில் பெடலை விட்ட பிறகும் கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருக்கும்படி ஒரு சிறு வால்வு வைத்திருப்பார்கள். சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் உள்ள ரப்பர் வாஷரின் உதடு விரிந்தே இருக்கவும், காற்று உள்ளே போகாமலிருக்கவும் அது வேண்டும். டிஸ்க் பாதையில் அந்த வால்வு இருக்காது, இருந்தால் டிஸ்க் உரசிக்கொண்டே ஓடும். அப்படிப்பட்ட மாஸ்டரை நான்கு டிரம் வண்டியில் அப்படியே மாட்டினால் முன் பிரேக் இரண்டு மிதிக்கு அப்புறம்தான் பிடிக்கும். அதனால் முன் பாதையில் அதே வால்வைத் தனியாக வாங்கிச் சேர்த்தோம். மாஸ்டரின் துளை அளவும் பழையதற்கு நெருக்கமாக இருக்க வேண்டும். பெரிதானால் பெடல் கல்லாகிவிடும், சிறிதானால் நிறைய தூரம் போகும்.

வீல் சிலிண்டர்களின் உட்சுவர் பொத்தல் விழுந்திருந்தது. கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டு வாங்கினோம். இரும்புக் குழாய்கள் முழுக்கப் புதுசு, ஹோஸ் மூன்றும் புதுசு. டிரம்மைக் கடைந்து, லைனிங்கை அந்த வளைவுக்கே தேய்த்து உட்கார வைத்தார்கள். இந்தத் தேய்க்கிற வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் லைனிங்கின் நடுப்பகுதி மட்டும் தொட்டு, முதல் சில மாதம் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

சூடும் பெட்ரோலும்

மே மாதத்தில் அண்ணா சாலையில் நிற்கிற பழைய ஃபியட்டுக்கு இரண்டு நோய். ஒன்று ரேடியேட்டர் கொதிப்பது. மற்றது, அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் எடுக்காது. அந்தக் காலத்து டிரைவர்கள் பெட்ரோல் பம்ப்பில் ஈரத்துணி சுற்றியது இரண்டாவது நோய்க்கான வைத்தியம்தான். பம்ப் இன்ஜினிலேயே மாட்டியிருப்பதால் அதன் சூடு ஏறி, பைப்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது; ஆவியை பம்ப்பால் இழுக்க முடியாது.

கொதிப்புக்கு ரேடியேட்டரை மட்டும் குறை சொல்வது பழக்கமாகிவிட்டது. பல வருடம் போர்வெல் தண்ணீர் ஊற்றிய வண்டி. இன்ஜின் பிளாக்கின் நீர்ப்பாதைக்குள் உப்பு, சிலிண்டரைச் சுற்றிப் படிந்திருந்தது. பக்கவாட்டு மூடிகளைக் கழற்றிச் சுரண்டியபோது வாளி நிறைய செம்மண் மாதிரி வந்தது. ரேடியேட்டருக்குப் புதுக் கோர் போட்டு, ஃபேனை மின்சார ஃபேனாக்கி, சூட்டைப் பார்த்துத் தானே ஓடும் சுவிட்ச் வைத்தோம். தண்ணீருக்குப் பதில் கூலண்ட். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வுதான் தெர்மோஸ்டாட். மெக்கானிக் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டிருந்தார்; "நம்ம ஊருக்கு எதுக்கு சார்?" என்பது வழக்கமான பதில். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின், காஞ்சிபுரம் ரோட்டில் காலையில் போகும்போது சரியான சூட்டுக்கே வராது. பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயில் கெடும். புதிதாக ஒன்று வாங்கிப் போட்டோம்.

ஈரத்துணிக்குப் பதிலாக, டேங்க் பக்கத்தில் கார்புரேட்டருக்கென்றே உள்ள குறைந்த அழுத்த மின்சாரப் பம்ப். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களின் பம்ப்பை வாங்கிவிடக் கூடாது. அந்த அழுத்தத்தில் சோலெக்ஸ் கார்புரேட்டரின் மிதவை ஊசி தாங்காது, பெட்ரோல் வழிந்து தீப்பிடிக்கும். இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும்படி ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக மின்சாரம் கொடுத்தோம். ஒரு விபத்தில் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் அதே அளவு பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் உண்டு, கூடவே ஆக்ஸிஜனையும் கொண்டுவருகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டைப் பழைய அளவிலேயே வைத்து ஓட்டினால் கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும். அதனால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, ஸ்பார்க் பிளக் நிறத்தைப் பார்த்துச் சரிசெய்தோம். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி மென்மையாகிவிடும். பைப், டயாபிரம், கேஸ்கெட் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. எத்தனால் டேங்க்கின் பழைய வண்டலையும் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரை அடைக்கும். நின்றே கிடக்கிற வண்டிக்குத்தான் இந்த எரிபொருள் அதிகக் கெடுதல், ஏனென்றால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தினமும் ஓடுகிற வண்டிக்கு அந்தக் கவலை குறைவு.

இன்ஜினுக்குள் பெரிய விஷயம் எதுவும் இல்லை. சிலிண்டரை போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், புது பேரிங், டைமிங் செயின். பிளாட்டினம் பாயிண்ட்டுக்குப் பதில் டிஸ்டிரிபியூட்டருக்குள்ளேயே உட்காரும் எலக்ட்ரானிக் இக்னிஷன். பழைய பாயிண்ட் செட் டிக்கியில் இருக்கிறது, தேவைப்பட்டால் ரோட்டோரத்திலேயே மாற்றிக்கொள்ளலாம்.

விளக்கு, இருக்கை, ஏசி

டைனமோ, சிக்னலில் நிற்கும்போது சார்ஜ் செய்யாது. மின்சார ஃபேனும் ஹாலஜன் விளக்கும் வந்த பிறகு ஆல்டர்னேட்டர் கட்டாயம். மாருதி வகை ஆல்டர்னேட்டர் ஒரு சிறு பிராக்கெட்டுடன் உட்கார்ந்துவிட்டது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு வரும் வயரையும் தடிப்பாக்க வேண்டும், பழைய வயர் அத்தனை ஆம்பியருக்கு ஆனது இல்லை. முன்விளக்கு மின்சாரம் முன்பு ஸ்டீயரிங் சுவிட்ச் வழியாகவே போய்க்கொண்டிருந்தது; ரிலே வைத்ததும் அதே 60/55 வாட் பல்பு இரண்டு மடங்கு வெளிச்சம் தருவது போலத் தெரிந்தது. எல்இடி பட்டை எதுவும் வேண்டாம் என்று மாமனாரே சொல்லிவிட்டார்.

இந்தியாவில் முன்சீட்டு பெல்ட் கட்டாயமானது 1994-இல். இந்தக் காரில் பெல்ட்டே கிடையாது. நடுத்தூணிலும் கீழ்ப்பெட்டியிலும் உள்பக்கம் கனத் தகடு வைத்து வெல்டிங் செய்து, மூன்று முனை பெல்ட் போட்டோம். தகடு வேலை திறந்திருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். பெயிண்டுக்கு அப்புறம் ஞாபகம் வந்தால் அழுகைதான். பெஞ்ச் சீட்டில் நடுவில் மூன்றாவது ஆள் உட்காரும் வழக்கம் இதோடு முடிந்தது, நடு இடத்துக்கு பெல்ட் இல்லை.

கியரைத் தரைக்குக் கொண்டுவரும் மாற்றம் பிரபலம். நாங்கள் தண்டு கியரை வைத்துக்கொண்டோம். அது குழைவதற்குக் காரணம் இணைப்புகளில் உள்ள புஷ் தேய்வதுதான். பித்தளையில் கடைந்து போட்டதும் கியர் தேடவே வேண்டியதில்லை. முதல் கியருக்கு, ஓட்டத்திலேயே கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ இல்லை. வண்டி முழுதாக நின்ற பிறகுதான் போட வேண்டும், அது மட்டும் பழக வேண்டிய விஷயம்.

டயர், பழைய 5.20-14-க்குப் பதில் 165/80 ஆர்14 ரேடியல். உயரம் கிட்டத்தட்ட அதேதான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. எங்கள் ரிம்மில் டியூப்லெஸ் டயரைப் பிடித்து வைக்கும் மேடு இல்லாததால் உள்ளே டியூப் போட்டோம்.

ஏசிக்கு நான் எதிர்ப்பு. நாற்பது குதிரையில் நான்கைந்தை அதற்குக் கொடுப்பதா, ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சரை நிறுத்தி இத்தனை பாடுபட்ட கூலிங்கைக் கெடுப்பதா என்று வாதாடினேன். "மாப்ள, ஏசி இல்லேன்னா உங்க அத்தை இதுல ஏறமாட்டா. அப்புறம் யாரைக் கூட்டிட்டுப் போறது?" என்று மாமனார் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சின்ன ரோட்டரி கம்ப்ரஸர், கண்டென்சருக்குத் தனி ஃபேன், டேஷ்போர்டுக்கு அடியில் யூனிட், ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால் கம்ப்ரஸர் தானே துண்டிக்கும் சுவிட்ச். சூட்டு முள் சற்று ஏறுகிறது, சிவப்பைத் தொட்டதில்லை. மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டும்.

காகிதமும் கணக்கும்

15 வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, வண்டியை நேரில் காட்டுவது, பசுமை வரி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆயிற்று. 2025 ஆகஸ்டிலிருந்து 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000. இன்ஜின் எண், சேஸிஸ் எண், நிறம் மூன்றும் ஆர்சியோடு பொருந்தியதால் ஆய்வு சீக்கிரம் முடிந்தது. பெயிண்ட் அடிக்கிறவரிடம் சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் பட்டி போடாதீர்கள், மணல் தாள் போட்டு இழுக்காதீர்கள் என்று எழுதியே கொடுங்கள். அந்த எண் மழுங்கிவிட்டால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

செலவு மொத்தம் ஐந்து லட்சத்தை ஒட்டி வந்தது. ஏறக்குறைய பாதி தகடும் பெயிண்டும். பிரேக்குக்கு ஆனது நான் பயந்ததைவிடக் குறைவு, ஏசிக்கு ஆனதைவிடவும் குறைவு. அந்தப் பணத்துக்கு நல்ல பழைய ஹேட்ச்பேக் ஒன்று கிடைக்கும், அது இதைவிடப் பாதுகாப்பானதும்கூட. ஏர்பேக் எதுவும் நம்மால் இதில் வைக்க முடியாது. காசுக் கணக்கு மட்டும் பார்க்கிறவர் இதில் இறங்க வேண்டாம்.

ஒரு கோடை முழுக்க ஓடியாயிற்று. நகரத்துக்குள் ஏசி இல்லாமல் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் பக்கம், ஏசியோடு 10. நெடுஞ்சாலையில் 70-இல் சுகமாகப் போகும். 80-க்கு மேல் இன்ஜின் சத்தம் பேச்சை மூடிவிடும். நடுவழியில் நின்றது ஒரே ஒரு தடவை, பெட்ரோல் ஃபில்டரில் டேங்க் வண்டல். இப்போது இரண்டு ஃபில்டர் உபரியாக டிக்கியில் கிடக்கின்றன. பின் ஆக்சில் பக்கம் லேசாக ஆயில் கசிகிறது, அந்தச் சீலை அடுத்த சர்வீஸில் மாற்ற வேண்டும், ஏனென்றால் அது பிரேக் லைனிங்கை நனைக்கும் இடம். வைப்பர் மோட்டார் மட்டும் இன்னும் பழையதுதான். மழை கனத்தால் அதன் வேகம் போதவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இரண்டு வேக மோட்டாராக மாற்ற ஜி.பி. ரோட்டில் சொல்லி வைத்திருக்கிறோம்.